இடம் விட்டு அடித்தவை

கட்டக் மகளிர் கல்லூரி அலுவலகத்தில்
பழைய ரெமிங்டன் ஒன்று என் பொறுப்பில் இருந்தது.
அதில் ஒன்று என்ற எண் கிடையாது,
சின்ன எல் எழுத்தை அடித்து ஒன்றாக்குவோம்.
பூஜ்யமும் கிடையாது.
பெரிய ஓ எழுத்துதான் பூஜ்யம்.
சம்பளப் பட்டியலில் யாரும் வித்தியாசம் கேட்டதில்லை.

ஹரமணி பிரஹராஜ் கேட்டார்.
கணக்குத் துறையில் சேர்ந்த முதல் வாரமே
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"நித்யா பாபு, இது ஓவா, ஒன்றுமில்லாததா?"
இரண்டும்தான் என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.

வார்த்தைகள் எனக்கு, குறிகள் அவருக்கு.
கையெழுத்தில் வளைந்து நிற்பது எதுவானாலும்
ஏழு தட்டு, பத்து தட்டு
இடம் விட்டுத் தாண்டிவிடுவேன்.
மாலையில் மைக்கூட்டோடு வருவார்.
கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு
நாற்று நடுகிறவர் போல
குனிந்து பின்னோக்கி நகர்ந்து
ஒவ்வொரு குழியாக நிரப்புவார்.
"ஆகையால்", "எனக் கொள்க", "இது தெளிவு"
மூன்றும் என் விரல்களுக்கு மனப்பாடம்.
"இது தெளிவு" வருமிடத்தில்
எனக்கு எதுவும் தெளிந்ததில்லை.

ஐம்பத்தெட்டில் வெளிவந்த கட்டுரைக்கு
அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.
லைப்ஜிக்கிலிருந்து கடிதம் வந்தது,
அதன் தபால்தலைக்காக
நூலகரும் பியூன் மகனும் சண்டை போட்டார்கள்.
ரீடர் பதவிக்கு அவர் கோப்பு
பல்கலைக்கழகம் போயிருந்தது.

அறுபத்தொன்று. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள்.
மகாநதிக் கரையில் வாழைப்பட்டைப் படகுகள்
அணைந்த திரிகளோடு ஒதுங்கிக் கிடந்தன.
ஒன்று மட்டும் சுழியில் மாட்டிக்கொண்டு
போகவும் இல்லை, மூழ்கவும் இல்லை.
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.
ஒன்றும் தோன்றவில்லையாம்.
வீட்டுக்கு வந்து டால்மாவுக்குத் தாளிக்கும்போதுதான்
தெரிந்ததாம்.

நான்காம் பக்கம், பதினோராம் வரி.
ஓர் அளவால் வகுத்திருந்தார்.
அந்த அளவு அபூர்வமாக, எப்போதோ,
பூஜ்யமாகவும் இருக்கலாம்.

அடித்தவன் நான்.
என் ஓ எதுவும் அங்கே புகுந்துவிட்டதோ என்று
கார்பன் பிரதியைத் தேடி எடுத்தேன், கை நடுங்க.
இல்லை. அங்கே வெறும் இடம்தான் விட்டிருந்தேன்.
மை அவருடையது.

"மூன்று வருஷமாக யாரும் பார்க்கவில்லை" என்றார்
அடுத்த அறை பீதாம்பர நந்தா. நல்ல மனிதர்.
"பதவி வரட்டும். அப்புறம் எழுதுங்கள்."
ஹரமணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"லைப்ஜிக்காரர் என் பலகைமேல்
மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்.
குடியேறுவதற்குள் சொல்ல வேண்டாமா?"

அன்று அடித்த கடிதத்தில் ஒரு குறியும் இல்லை.
முடிவைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது.
பதினான்கு வரி, மூன்று பிரதி.
முதல் முறையாக அவருடைய தாள் ஒன்றை
ஓரிடமும் விடாமல்
முழுவதும் நானே அடித்தேன்.
மைக்கூட்டைக் கையெழுத்துக்கு மட்டும் திறந்தார்.

பதவி நந்தாவுக்குப் போயிற்று.
வெட்கப்பட்டு ஒரு மாதம்
வேறு படிக்கட்டில் ஏறினார் அவர்.

தேற்றம் முழுக்கச் சாகவில்லை.
"பூஜ்யம் அல்லாதபோது" என்று
ஒரு வால் சேர்த்தால் நிற்குமாம்.
நிற்கிற பக்கத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு
அந்த ஒற்றைப் பூஜ்யத்தில் என்னதான் நடக்கிறது என்று
பத்தொன்பது வருஷம் எழுதினார்.
நான் இடம் விட்டுக்கொண்டே இருந்தேன்.

அவர் ஓய்வு பெறுகிற வருஷம்
புது இயந்திரம் வந்தது, பூஜ்யத்துக்குத் தனி விசையோடு.
சேதி கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
வெள்ளைத் தாளில், ஆள்காட்டி விரலால்,
ஒரே ஒரு முறை அழுத்தினார்.
உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓவைவிடக் கொஞ்சம் ஒல்லி" என்றார்.